விதைக்குள் எல்லாம் இல்லை: உயிரித் தொழில்நுட்பப் பயிர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.டி. பருத்தி போட்டவர்களுக்கு அந்தச் சின்னப் பொட்டலம் ஞாபகம் இருக்கும். 450 கிராம் விதைப் பாக்கெட்டோடு 120 கிராம் சாதாரணப் பருத்தி விதையும் சேர்த்துக் கொடுப்பார்கள், வயலைச் சுற்றி விதைக்கச் சொல்லி. அதை ஒழுங்காக விதைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சிலர் வரப்பில் வீசினார்கள், சிலர் முளைக்காத இடத்தில் பாடுவாசி நிரப்ப ஊன்றினார்கள், என் சித்தப்பா பரணில் போட்டு வைத்தார், எலி தின்றுவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடையில் கேட்டதற்கு "அது சும்மா கொடுக்கறது" என்றுதான் பதில் வந்ததாம். அந்தப் பொட்டலம்தான் அந்தத் தொழில்நுட்பத்தின் பாதி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இந்தியா, வங்கதேசம், கென்யா, பர்கினா ஃபாசோ என்று எங்கே பார்த்தாலும் பயிர் உயிரித் தொழில்நுட்பத்தில் நடந்த பெரிய சறுக்கல்களில் பலவும் இந்தச் சாயலில்தான் இருக்கின்றன. ஆய்வகத்தில் செய்தது சரியாகவே வேலை செய்திருக்கும். ஆனால் அது எந்த ஒரு வேலையைச் செய்ய வந்தது, அந்த வேலையைச் செய்ய வயலில் அதற்கு என்னென்ன வேண்டும் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் விட்டிருப்போம். விதை வாங்கியாச்சு, இனி விதை பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு. படித்தவர்கள், திட்டம் போடுபவர்கள், மானியம் கொடுப்பவர்கள் எல்லோருக்கும் இந்த நினைப்பு உண்டு, விவசாயிக்கு மட்டும் இல்லை.

அந்த 120 கிராமுக்குப் பின்னால் என்ன இருக்கிறது

பி.டி. என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் பெயர்ச் சுருக்கம். அது உண்டாக்கும் புரதத்தைச் சில வகைப் புழுக்கள் தின்றால் குடல் ஓட்டையாகிச் சாகும். அந்தப் புரதத்தைப் பருத்திச் செடியே உண்டாக்கும்படி மரபணுவைச் சேர்த்தார்கள். இந்தியாவில் 2002 மார்ச்சில் அனுமதி கிடைத்தது, 2006-இல் இரண்டு மரபணு கொண்ட அடுத்த வகை வந்தது, சில ஆண்டுகளிலேயே நாட்டின் பருத்தி நிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. ஆகிவிட்டது.

ஆனால் புழுவும் சும்மா இருக்காது. லட்சத்தில் ஒரு புழுவுக்கு அந்தப் புரதத்தைத் தாங்கும் குணம் இயல்பாகவே இருக்கலாம். வயல் முழுக்க பி.டி. என்றால் மற்றதெல்லாம் செத்து, பிழைத்த அந்த ஒன்றும் அதே மாதிரி பிழைத்த இன்னொன்றும் சேர்ந்துதான் அடுத்த தலைமுறை. பக்கத்தில் சாதாரணப் பருத்தி கொஞ்சம் இருந்தால் அதில் சாதாரணப் புழுக்கள் நிறைய வளர்ந்து அந்துப்பூச்சியாகும். தப்பித்த ஒன்றுக்கு ஜோடியாகக் கிடைப்பது பெரும்பாலும் சாதாரணப் பூச்சிதான், பிறக்கும் குஞ்சுகள் மறுபடி பி.டி.யைத் தின்று செத்துவிடும், ஏனென்றால் அந்தத் தாங்கும் குணம் பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் முழுதாக வேலை செய்யும். இதற்காகத்தான் பரப்பில் 20 சதவீதம் அல்லது சுற்றிலும் ஐந்து வரிசை சாதாரணப் பருத்தி, அதாவது ஒதுக்கிடம், வேண்டும் என்று விதி வைத்தார்கள்.

விதி சரி. ஆனால் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விடு என்றால் யாருக்கு மனசு வரும்? இழப்பு அவருக்கு, நன்மை ஊருக்கு, அதுவும் பத்து வருடம் கழித்து. இதைத் திட்டம் போட்டவர்கள் யோசித்திருக்க வேண்டும், விவசாயியின் அறியாமை என்று எழுதிவிட்டுப் போவது எனக்கு ஒப்பாது. பிறகு சாதாரண விதையையும் பி.டி. விதையையும் ஒரே பையில் கலந்தே கொடுக்கும் முறை வந்தது. அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

பாதிப்பு முதலில் வந்தது இளஞ்சிவப்புக் காய்ப்புழுவில்தான், அதற்கும் காரணம் உண்டு. பச்சைக் காய்ப்புழு துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று எதையும் தின்னும், ஆகவே நாம் ஒதுக்காவிட்டாலும் அதற்குப் பக்கத்து வயல்கள் ஒதுக்கிடமாக இருந்தன. இளஞ்சிவப்புப் புழுவுக்குப் பருத்தியை விட்டால் வெண்டை மாதிரி ஓரிரு செடிதான். பருத்தி முழுக்க பி.டி. ஆனதும் அதற்குப் போக்கிடம் இல்லை. குஜராத்தில் 2008 பருவத்திலேயே முதல் வகையைத் தாங்கும் புழுக்கள் கிடைத்தன, 2010-இல் விஷயம் வெளியே வந்தது, 2014, 2015 வாக்கில் இரண்டு மரபணு வகையையும் தாண்டிவிட்டது.

இதில் இன்னொரு தவறும் சேர்ந்தது. கடைசிப் பறிப்பு, அதற்கு அடுத்த கடைசிப் பறிப்பு என்று செடியை மார்ச், ஏப்ரல் வரை நிலத்தில் விட்டுவைப்பது, பிடுங்கிய பருத்தி மாரை, அதாவது காய்ந்த செடித் தண்டை, வீட்டோரம் விறகுக்கு அடுக்கி வைப்பது. புழு காய்க்குள்ளேயே விதையோடு தங்கி அடுத்த பருவத்துக்கு வந்து சேர்ந்துவிடும். இன்றைக்கும் இளஞ்சிவப்புப் புழுவுக்கு எதிராக நம் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் பயிரை ஐந்து, ஆறு மாதத்தில் முடித்து மாரை அழித்துவிடுவதுதான்.

இதே பூச்சியை அமெரிக்கா 2018-இல் ஒழித்துவிட்டதாக அறிவித்தது. அங்கேயும் பி.டி. பருத்திதான், ஆனால் கூடவே மலடாக்கிய அந்துப்பூச்சிகளை விமானத்தில் கொண்டுபோய் வயல்களில் கோடிக்கணக்கில் விட்டார்கள். சீனாவின் கதை இன்னும் சுவையானது. யாங்சி ஆற்றுப் பகுதியில் சில விவசாயிகள் காசு மிச்சம் பிடிக்க, வீரிய விதையின் இரண்டாம் தலைமுறையைப் போட்டார்கள். அந்த விதையில் சுமார் நான்கில் ஒரு செடிக்கு பி.டி. குணம் வராது. தெரியாமலேயே வயலுக்குள் கால் பங்கு ஒதுக்கிடம் அமைந்துவிட்டது, உருவாகிக் கொண்டிருந்த எதிர்ப்புத் திறன் பின்வாங்கியது. 2017-இல் இது ஆய்வாக வெளிவந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்யாததுதான் அங்கே வேலை செய்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

புழுவுக்கு வந்ததை எல்லாப் பூச்சிக்கும் என்று நினைப்பது

பி.டி. பருத்தியில் மருந்தே அடிக்க வேண்டாம் என்று சொல்லி விற்றவர்கள் உண்டு, நம்பியவர்களும் உண்டு. அந்தப் புரதம் காய்ப்புழுக்களுக்கு மட்டும்தான். தத்துப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி எல்லாம் சாறு உறிஞ்சுபவை, அவற்றுக்கு பி.டி. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. 2015-இல் பஞ்சாபில் வெள்ளை ஈ வந்து பருத்தியைச் சூறையாடியபோது வயலில் இருந்தது பெரும்பாலும் பி.டி.தான். விதை வாங்கும்போது காய்ப்புழுவைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு, அந்த வீரிய ரகம் தத்துப்பூச்சியைத் தாங்குமா, நம் மானாவாரி மண்ணுக்கு ஒத்துவருமா என்று கேட்காமல் விட்டால், புழுவுக்கு மிச்சம் பிடித்த காசு சாறு உறிஞ்சும் பூச்சிக்குப் போய்விடும். மரபணு ஒன்றுதான், அதைச் சுமக்கும் ரகங்கள் நூற்றுக்கணக்கில் சந்தையில் இருக்கின்றன. நீங்கள் வாங்குவது ரகத்தை.

இதைத்தான் பர்கினா ஃபாசோ பெரிய விலை கொடுத்துக் கற்றது. மேற்கு ஆப்பிரிக்காவின் அந்தச் சின்ன நாட்டுக்குப் பருத்தி உயிர்நாடி மாதிரி, அதுவும் நீளமான நல்ல இழைக்குப் பெயர் வாங்கிய பருத்தி. 2008-இல் உள்ளூர் ரகங்களிலேயே பி.டி. குணத்தை ஏற்றி விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். புழு குறைந்தது, மருந்து குறைந்தது, விவசாயிகளுக்கும் பிடித்திருந்தது. ஆனால் இழை குட்டையாகிவிட்டது. சந்தையில் தரம் இறங்கியது, நாட்டின் பருத்தி நிறுவனங்கள் நஷ்டக் கணக்கு காட்டின, 2016-இல் அதைக் கைவிட்டுப் பழைய ரகத்துக்கே போனார்கள். வயலில் ஜெயித்து மில் வாசலில் தோற்றது. ஏக்கருக்கு எத்தனை குவிண்டால் என்று மட்டும் பார்த்து, வாங்குகிறவன் எதற்குக் காசு கொடுக்கிறான் என்பதை விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும்.

வங்கதேசத்தின் பி.டி. கத்தரியைப் பாருங்கள். 2013-இல் அனுமதி, 2014 தொடக்கத்தில் முதல் 20 விவசாயிகளுக்கு நாற்று. அங்கே புத்திசாலித்தனமாக, மக்கள் ஏற்கனவே சாப்பிட்டு வந்த உள்ளூர் ரகங்களிலேயே அதை ஏற்றினார்கள், அவை வீரிய ஒட்டு அல்ல என்பதால் விவசாயி தானே விதை எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் முதல் பருவத்திலேயே சில வயல்களில் செடி வாடிச் செத்தது, தோல்வி என்று செய்தி வந்தது. தண்டையும் காயையும் துளைக்கும் புழுவைத் தடுக்கத்தான் அந்த மரபணு, பாக்டீரியா வாடல் நோய்க்கு அதில் ஒன்றுமே இல்லை. வாடல் உள்ள மண்ணில் எந்தக் கத்தரியை நட்டாலும் வாடும். நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் இதே குணத்தை கோ 2, எம்.டி.யூ. 1 போன்ற தன் ரகங்களில் ஏற்றி வைத்திருந்தது, 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்தி வைத்ததால் அது அப்படியே நின்றுபோனது. நிறுத்தியது சரியா தவறா என்ற சண்டைக்கு நான் இங்கே வரவில்லை.

எல்லாமே மரபணு மாற்றம் என்று பயப்படுவது

இது எதிர்ப்பக்கத் தவறு. உயிரித் தொழில்நுட்பம் என்றதும் மரபணு மாற்றம், விஷம், கம்பெனி விதை என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரப் பாக்கெட்டும் உயிரித் தொழில்நுட்பம்தான், திசு வாழைக் கன்றும் அதேதான். இரண்டிலும் மரபணுவை யாரும் மாற்றவில்லை.

வெள்ளத்தைத் தாங்கும் நெல்லை எடுத்துக்கொள்வோம். ஒடிசாவின் பழைய நெல் ஒன்று, எஃப்.ஆர்.13ஏ என்று எண் கொடுத்திருந்தார்கள், இரண்டு வாரம் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கிக் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். அதற்குக் காரணமான சப்1 என்ற மரபணுப் பகுதியைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் வழக்கமான ஒட்டுக் கட்டும் முறையிலேயே ஸ்வர்ணா என்ற நெல் ரகத்தோடு சேர்த்து, எந்த நாற்றில் அந்தப் பகுதி வந்திருக்கிறது என்பதை மட்டும் மரபணுக் குறியீடு வைத்துப் பொறுக்கி எடுத்தார்கள். 2009-இல் இந்தியாவில் ஸ்வர்ணா சப்1 வெளியானது. காவிரி டெல்டாவில் தெரிந்த சி.ஆர். 1009 ரகத்திலும் சப்1 வந்தது. மகரந்தம் தொட்டுச் செய்த ஒட்டுதான் இது. 2025 மே மாதம் இந்தியா அறிவித்த மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்கள் வேறு வகை: அவற்றில் ஒன்றான கமலா, நம் ஊரில் ஆந்திரா பொன்னி என்று சொல்லும் பி.பி.டி. 5204-இல் இருந்து வந்தது, வெளியிலிருந்து மரபணு எதுவும் சேர்க்காமல் நெல்லின் சொந்த மரபணுவிலேயே சின்னத் திருத்தம். பி.டி., சப்1, கமலா மூன்றுக்கும் ஆபத்தும் வேறு, சட்டமும் வேறு, கேட்க வேண்டிய கேள்விகளும் வேறு.

சரி, சப்1 போட்டால் வெள்ளக் கவலை விட்டதா? அங்கேதான் அடுத்த தவறு. சாதாரண நெல் மூழ்கினால் மூச்சு வாங்க மேலே வரப் பார்த்து, இருக்கிற மாவுச்சத்தை எல்லாம் செலவழித்து நெடுநெடுவென வளரும், தண்ணீர் வடிந்ததும் தள்ளாடிச் சாய்ந்து சாகும். சப்1 நெல் வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமித்து அப்படியே காத்திருக்கும். நாற்று நட்டு வேர் பிடித்ததிலிருந்து கதிர் கட்டுவதற்கு முன்பு வரை, முழுதாக மூழ்கி, சுமார் இரண்டு வாரத்துக்குள் வடிந்துவிடும் வெள்ளத்துக்கு இது அருமை. ஆனால் வடிகால் அடைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும் வயலுக்கு இது மருந்தில்லை, அங்கே செடி உயர்ந்தாக வேண்டும். நேரடியாக விதைத்த விதை முளைக்கும்போது மூழ்கினாலும் இது காப்பாற்றாது. பூக்கும்போதோ, தை மாதம் அறுப்புக்கு நிற்கும்போதோ மழை அடித்துக் கதிர் சாய்ந்தாலும் காப்பாற்றாது. டெல்டாவில் வாய்க்கால் தூர் வாராமல் சப்1 விதை கொடுத்தோம் என்று கணக்குக் காட்டினால் என்ன சொல்வது.

இன்னொன்று. தண்ணீர் வடிந்த மறுநாளே செடி மஞ்சளாக இருக்கிறதே என்று யூரியா வீசாதீர்கள். வேர் அப்போது மூச்சுத் திணறிக் கிடக்கிறது, புது இலை வெளியே வரட்டும், அப்புறம் போடலாம். செத்துவிட்டது என்று அவசரப்பட்டு உழுதும் விடாதீர்கள், ஒரு வாரம் பொறுத்துத் தூரைக் கிள்ளிப் பாருங்கள், பச்சை இருந்தால் வரும்.

திசு வாழை

இது நம் ஊர் விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். திருச்சி, தேனி, ஈரோடு என்று ஜி9 என்ற திசு வாழை ரகம் போகாத வாழைத் தோட்டம் குறைவு. நல்ல தாய் மரத்தின் ஈட்டி இலைக் கன்றிலிருந்து குருத்து நுனியை எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் சத்துக் கூழில் வளர்த்து, பெருக்கிப் பெருக்கிப் பிரித்து, நிழல்வலைக் கொட்டகையில் பழக்கி, பையில் ஐந்தாறு இலையோடு நம்மிடம் தருகிறார்கள். எல்லாம் ஒரே அச்சு, ஒரே சமயம் குலை தள்ளும், பக்கக் கன்றில் வரும் நூற்புழுவும் கிழங்கு வண்டும் இதில் வராது. சந்தேகமே இல்லாமல் நல்ல தொழில்நுட்பம்.

ஆனால் திசு வளர்ப்பு நோயைக் குணமாக்காது, தாயில் வைரஸ் இருந்தால் அதையும் சேர்த்துப் பிரதி எடுத்துத் தரும். ஒரே தாயிலிருந்து பல நூறு கன்று, பல நூறிலும் முடிக்கொத்து வைரஸ் என்றால் யோசித்துப் பாருங்கள். அதனால்தான் வைரஸ் சோதனை செய்த தாய்களிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும் என்று மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-இல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. கன்று வாங்கும்போது கேட்க வேண்டியது விலையை மட்டும் இல்லை, சோதனைச் சான்றையும் கேளுங்கள். இரண்டு ரூபாய் குறைவு என்று சான்று இல்லாத ஒரு பண்ணையில் வாங்கிய சொந்தக்காரர் ஒருவர் எனக்கு உண்டு. நான்காம் மாதம் இலைகள் குறுகி, விறைப்பாக மேலே கொத்தாக நின்றன. தார் வரவில்லை.

அதேபோல ஒரே நுனியிலிருந்து அளவுக்கு மீறிப் பெருக்கினால் அச்சு பிசகும்: குட்டையாக ஒன்று, இலையில் வெளிறிய கோடுகளோடு ஒன்று, சீப்பு ஒழுங்கில்லாமல் ஒன்று. எட்டுச் சுழற்சிக்கு மேல் போகக்கூடாது என்பார்கள், எத்தனை போனார்கள் என்று பாட்டிலைப் பார்த்தோ கன்றைப் பார்த்தோ நமக்குத் தெரியாது. ஆகவே பையில் இருக்கும்போதே வித்தியாசமாகத் தெரியும் கன்றுகளை ஒதுக்கிவிட்டு எடுங்கள், பாவம் என்று ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

சுத்தமான கன்றைக் கொண்டுவந்து நோய் உள்ள தோட்டத்துக்குப் பக்கத்தில் நடுவது அடுத்த தவறு, பலரும் செய்வது. முடிக்கொத்து நோயைப் பரப்புவது வாழை அசுவினி. பழனி மலையடிவாரத்தின் விருப்பாச்சி மலைவாழையை ஒரு காலத்தில் துடைத்தெடுத்தது இந்த நோய்தான். பக்கத்துத் தோட்டத்தில் நோய்ப்பட்ட பழைய கட்டைகள் நிற்க, உங்கள் தோட்டத்தில் மட்டும் ஆய்வகக் கன்று நட்டால் அசுவினி வரப்பு பார்த்தா வரும்? நோய்ப்பட்டதைத் தோண்டி அழிக்க வேண்டும், அழிப்பதற்கு முன் அதன் மேல் இருக்கும் அசுவினியைக் கொல்ல மருந்து அடிக்க வேண்டும். முதலில் வெட்டிச் சாய்த்தால் அது ஏறி நின்ற பூச்சியெல்லாம் பக்கத்து மரத்துக்குக் குடியேறிவிடும். ஊடுபயிராகப் பூசணி, வெள்ளரி போடுவதும் வேண்டாம், இன்னொரு வைரஸுக்கு அவை வீடு.

வாடல் நோயிலும் இதே கதை. கன்று சுத்தம், மண் சுத்தமா? அந்தப் பூஞ்சை மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். சொல்லப்போனால் கிருமியே இல்லாத பாட்டிலில் வளர்ந்த கன்றுக்கு வேரோடு ஒட்டி வாழும் நல்ல நுண்ணுயிர்களும் கிடையாது, சின்ன வயதில் பக்கக் கன்றைவிட அது நோஞ்சான். அதனால்தான் நடும்போது தொழுவுரத்தோடு டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போன்ற நல்ல நுண்ணுயிர்களைக் கொடுக்கச் சொல்கிறார்கள். முதல் ஒரு மாதம் தண்ணீர் காயவிட்டால் பக்கக் கன்று தாங்கும், அதன் கிழங்கில் சேமிப்பு இருக்கிறது. திசுக் கன்றிடம் என்ன இருக்கிறது, ஒரு பிடி வேர்தான். கென்யாவில் 1990-களின் பிற்பகுதியில் இருந்து திசு வாழையைச் சிறு விவசாயிகளிடம் கொண்டுபோனபோதும் கன்றின் விலையோடு இந்தத் தண்ணீரும் எருவும்தான் இடறின.

அப்புறம் ஒரே சமயம் குலை தள்ளுவது வரம் என்றேன் அல்லவா, அதுவே வினையும் ஆகும். மானியம் வந்தது என்று ஊரே ஒரே வாரத்தில் நட்டால் பதினோராம் மாதம் ஊரே ஒரே வாரத்தில் தார் வெட்டும், வியாபாரி வைத்ததுதான் விலை. நிலத்தைப் பிரித்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் இடைவெளி விட்டு நடுங்கள். ஆய்வகம் செய்ய முடியாத வேலை இது.

உயிர் உரத்தை உயிரில்லாமல் போடுவது

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, ரைசோபியம், டிரைக்கோடெர்மா எல்லாம் உயிரோடு இருந்தால்தான் வேலை. இதைக் கடையில் வெயில் படும் அலமாரியில் யூரியா மூட்டைக்கு மேல் அடுக்கியிருப்பார்கள், நாமும் வண்டி டிக்கியில் போட்டு மதிய வெயிலில் வீட்டுக்குக் கொண்டு வருவோம். வரும்போதே முக்கால்வாசி செத்திருக்கும். பாக்கெட்டில் காலாவதித் தேதி பார்த்து வாங்கி நிழலில் வையுங்கள்.

ரசாயன உரத்தோடு கலந்து வீசாதீர்கள். காப்பர் மருந்து கரைத்த டிரம்மைக் கழுவாமல் அதிலேயே சூடோமோனாஸைக் கரைத்தால் அது பாக்டீரியாவுக்கு இறுதிச் சடங்கு. பூஞ்சைக்கொல்லியால் விதை நேர்த்தி செய்தால் ஒரு நாள் விட்டு உயிர் உரத்தைக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் அரை மணி உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடுங்கள். ரைசோபியத்தில் பயிருக்குப் பயிர் இனம் வேறு, சோயாவுக்கு உரியது கடலைக்கு உதவாது. ஆப்பிரிக்க மண்ணில் சோயாவுக்கு ஏற்ற பாக்டீரியா போதாமல் இருந்ததால் நைஜீரியாவில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனம், அங்கே ஏற்கனவே இருக்கும் பாக்டீரியாவோடு ஒத்துப்போகும் சோயா ரகங்களையே உருவாக்க வேண்டி வந்தது. வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: பூக்கும் சமயம் ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் தழைச்சத்து ஏறுகிறது, வெள்ளையோ பச்சையோ என்றால் இல்லை. யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் முடிச்சே சரியாக வராது. செடிக்கு இலவசச் சோறு கிடைத்தால் சமையல்காரனை ஏன் வைத்துக்கொள்ளும்?

தழைச்சத்து உரத்தை முழுதாக நிறுத்திவிட்டு நெல்லுக்கு அசோஸ்பைரில்லத்தை மட்டும் நம்புவதும் தவறு. பொதுவான சிபாரிசே கால் பங்கு குறைக்கலாம் என்பதுதான்.

பில் இல்லாத விதை

2001-இல், அரசு அனுமதி வருவதற்கு முன்பே, குஜராத் வயல்களில் பி.டி. பருத்தி நின்றது. மற்ற வயல்களைப் புழு தின்றபோது அது மட்டும் பசுமையாக நின்றதால்தான் கண்டுபிடித்தார்கள். இன்றைக்குக் களைக்கொல்லி தாங்கும் பருத்தி அதே வழியில், அனுமதி இல்லாமல், காதோடு காதாக விற்கிறது. களை எடுக்கக் கூலி ஆள் கிடைக்காத கஷ்டம் உண்மை, வாங்குகிறவரின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. களைக்கொல்லி அடித்த பிறகு பாதிச் செடி கருகினால் யாரிடம் போவீர்கள்? எந்த அலுவலகத்தில் புகார் எழுதினாலும் முதல் கேள்வி பில் எங்கே என்பதுதான், அதற்கு அடுத்த கேள்வி இதை ஏன் விதைத்தாய் என்பது.

திட்டம் போடுபவர்கள் பக்கமும் அனுமதி விஷயத்தில் ஒரு தவறு உண்டு, விதையைத் தயார் செய்துவிட்டு மக்களிடம் கடைசியில் பேசுவது. வைட்டமின் ஏ சத்துக்கான பொன்னரிசியின் முதல் ஆய்வு 2000-இல் வந்தது, பிலிப்பைன்ஸ் பயிரிட அனுமதித்தது 2021-இல், 2024-இல் அங்கே நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. கால் நூற்றாண்டு.

கடைசியாக, புதிதாக எது வந்தாலும் முதல் வருடமே முழு நிலத்திலும் இறக்காதீர்கள். கால் ஏக்கரில் புதியதும் பக்கத்திலேயே கால் ஏக்கரில் பழையதும் போட்டு, இரண்டுக்கும் ஒரே உரம், ஒரே தண்ணீர் கொடுத்து, விதை, மருந்து, கூலி, விற்ற விலை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மகசூலை மட்டும் எழுதி வைத்தால் பர்கினா ஃபாசோவுக்கு நடந்தது உங்களுக்கும் தெரியாமலே நடக்கும். மழை நன்றாகப் பெய்த ஒரு வருடத்தை வைத்து முடிவெடுக்காமல் இரண்டு பருவம் பாருங்கள். பாக்கெட் அட்டையையும் பில்லையும் தொகுதி எண் தெரியும்படி போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையைப் பரணில் வைத்தால் எலி தின்றுவிடும்.